எழுபது வயதில் குடலிறக்க அறுவை: எந்த மயக்கம்?

(திரையில்: இடுப்பு மடிப்பின் கோட்டோவியம்)

வணக்கம். இருமினால் பெரிதாகி, படுத்தால் உள்ளே போய்விடும் புடைப்புடன் வரும் முதியவரிடம் குடலிறக்கத்துக்கு (ஹெர்னியாவுக்கு) அறுவை சிகிச்சை வேண்டும் என்றால், அவர் முதலில் கேட்பது, "மயக்க மருந்தை என் இதயம் தாங்குமா?" என்பதுதான். நியாயமான கேள்வி.

வயிற்றுக்குள் கரியமில வாயுவை நிரப்பி, சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி முறைக்குப் பொதுவாக முழு மயக்கம் தேவை. நோயாளி முழுமையாகத் தூங்க, மூச்சை இயந்திரம் நடத்தும். விழித்தபின் முதியவர்கள் சிலருக்கு ஓரிரு நாள் மனக்குழப்பம் வரலாம்.

நம் ஊரில் மிகவும் பழக்கமானது முதுகில் போடும் ஊசி. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக, நோயாளி விழித்தே இருப்பார். ஆனால் இரத்த அழுத்தம் சட்டென இறங்கலாம். புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் கட்டிக்கொண்டு, சிறுநீர்க் குழாய் (கதீட்டர்) வைக்க நேரலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் க்ளோபிடோக்ரெல் மாத்திரை எடுப்பவர் அதை 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் இதய மருத்துவரைக் கேட்காமல் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது.

(திரையில்: வெட்டும் இடத்தில் ஊசி)

மூன்றாவது முறையைக் கேட்பவர்கள் குறைவு. எனக்கு அது வருத்தமே. வெட்டும் இடத்திலும் அங்கே ஓடும் நரம்புகளைச் சுற்றியும் லிக்னோகெயின் அல்லது புபிவகெயின் செலுத்தி, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்கிறார்கள். கனடாவில் 1945இல் தொடங்கிய ஷோல்டைஸ் மருத்துவமனை குடலிறக்கத்தை இப்படி மரத்துப்போகச் செய்து அறுப்பதற்கே பேர்போனது. 2018இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல், 65 வயதைத் தாண்டியவர்களுக்குத் திறந்த அறுவை (துளைகள் வழியே அல்லாமல் தோலை வெட்டிச் செய்வது) என்றால், முதுகு ஊசியைவிட இந்த முறையையோ முழு மயக்கத்தையோ தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. முதுகு ஊசியில் மாரடைப்பு, நிமோனியா போன்ற சிக்கல்கள் கூடக்கூடும் என்பதே அதற்குக் காரணம்.

இருந்தாலும் இது எல்லோருக்கும் பொருந்தாது. விதைப்பை வரை இறங்கிய பெரிய குடலிறக்கம், அடைபட்டு வலிக்கும் குடல், மிகுந்த உடற்பருமன், பதற்றம் ஆகியவை இருந்தால் வேறு வழியே நல்லது. அதைவிட முக்கியம், செய்பவரின் கைப்பழக்கம். ஆகவே, "இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து நீங்கள் வழக்கமாக அறுப்பதுண்டா?" என்று அறுவை மருத்துவரிடமே கேளுங்கள்.

அப்படிச் செய்யும்போது, குடல் மீண்டும் இறங்காமல் தாங்கும் வலையைத் தைத்த பிறகு மருத்துவர், "ஐயா, ஒருமுறை இருமுங்கள்" என்பார். விழித்திருக்கும் நோயாளி மேசையிலேயே இரும, புடைப்பு வெளியே வருகிறதா என்று அவர் அங்கேயே பார்த்துவிடுவார்.