ஏழு குடும்பங்கள் மட்டும் இருந்தால் சபை தொடங்கலாமா?

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “ஆம்பூர், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வேலைக்காக வந்த ஏழு லுத்தரன் குடும்பங்கள் இங்கே இருக்கிறோம். அருகில் நம் சபையும் இல்லை, ஆயரும் (போதகரும்) இல்லை. நாங்களே தொடங்கிவிடலாமா?”

தாராளமாகத் தொடங்கலாம், சகோதரி. சுவிசேஷம் தூய்மையாகப் போதிக்கப்பட்டு, திருமுழுக்கு, திருவிருந்து ஆகிய சாக்கிரமெந்துகள் முறைப்படி வழங்கப்படுகிற பரிசுத்தவான்களின் கூட்டமே திருச்சபை என்று லுத்தரன் சபைகளின் அடிப்படை ஆவணமான 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை ஏழாம் பிரிவில் சொல்கிறது. கட்டடத்தையோ தலைக்கணக்கையோ அது கேட்கவில்லை. ஆகவே மனை வாங்க நிதி திரட்டுவதை முதல் வேலையாக்காதீர்கள். ஒரு வீட்டில் ஞாயிறுதோறும் கூடி வேதம் வாசியுங்கள். சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1529இல் குடும்பத் தலைவர்களையும் மனத்தில் கொண்டு எழுதிய, கேள்வி பதிலாக விசுவாசத்தைக் கற்பிக்கும் சிறு ஞானோபதேசத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள்.

பாளையங்கோட்டையை நினைத்துப் பாருங்கள். 1778இல் லுத்தரன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்ற கிளாரிந்தா அம்மையாரைச் சுற்றி உருவான அச்சபையின் 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் 40 பேரே இருந்தார்கள். ஆலயம் 1785இல்தான் எழுந்தது. உபதேசியாராக உழைத்த சத்தியநாதன் 1790இல்தான் லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் பெற்றார். அந்தச் சபை இன்று தென்னிந்தியத் திருச்சபையில் இருக்கிறது என்றாலும், மக்கள் முதலில், ஆலயம் பிறகு என்ற அந்த வரிசை எனக்கு மிகுந்த ஆறுதல் தருகிறது.

ஆனால் திருவிருந்தை நீங்களாகவே நடத்த வேண்டாம். முறையாக அழைக்கப்படாத எவரும் சபையில் வெளிப்படையாகப் போதிக்கவோ சாக்கிரமெந்துகளை வழங்கவோ கூடாது என்பது அதே அறிக்கையின் பதினான்காம் பிரிவு. உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும் எந்த விசுவாசியும் திருமுழுக்குக் கொடுக்கலாம். எனவே உங்கள் சொந்த ஊர் ஆயருக்கு ஏழு குடும்பங்களும் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதி, மாதம் ஒருமுறையாவது ஓர் ஆயரை அனுப்பித்தரக் கேளுங்கள். அவர் வராத ஞாயிறுகளில் ஒருவர் அச்சிட்ட பிரசங்கத்தை வாசிக்கட்டும்.

இன்னொன்றையும் மனப்பாரத்தோடு சொல்கிறேன். ஊர்க்காரர்கள் கூடும் இடமாக மட்டும் இது நின்றுவிடக் கூடாது. 1842இல் ஹையர் ஐயர் மிஷன் ஊழியத்தைத் தொடங்கிய குண்டூரிலிருந்து வந்த தெலுங்கு லுத்தரன்களும், 1845இல் ஜெர்மனியின் காஸ்னர் மிஷனைச் சேர்ந்த மிஷனரிகள் சென்றடைந்த ராஞ்சிப் பக்கத்துத் தொழிலாளர்களும் உங்கள் தெருவிலேயே குடியிருக்கக்கூடும். சுவிசேஷத்தை இதுவரை கேளாத கன்னட அயலாரோ நிச்சயம் இருக்கிறார்கள். தமிழ் ஆராதனையை விட வேண்டியதில்லை. அவர்களில் ஒருவர் வந்து அமரும் நாளில் நற்செய்திப் பாடத்தை அவருடைய மொழியிலும் வாசியுங்கள். அந்தந்த மொழி வேதாகமத்தை இப்போதே வாங்கி வையுங்கள்.