பின் கண்ணாடி லூவர்: பிளாஸ்டிக்கா, அலுமினியமா? திருவொற்றியூர் தம்பிக்குப் பதில்

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு நாலு கேள்விக்குப் பதில் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் முதல் கேள்வியே மொத்த நேரத்தையும் எடுத்துக்கொள்ளும் போல இருக்கிறது, மூன்று நாளாக அது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. திருவொற்றியூரில் இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்.

"அண்ணா, 2018 ஃபோர்டு மஸ்டாங் ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். பள்ளிக்கூட நாளில் இருந்து ஆசை. பின் கண்ணாடிக்குக் கறுப்பு லூவர் போட வேண்டும். பிளாஸ்டிக் நல்லதா, அலுமினியம் நல்லதா? எது ரொம்ப நாள் உழைக்கும்? வீடு கடலில் இருந்து மூன்றாவது தெரு. வண்டி வெளியில்தான் நிற்கும்."

தம்பி, அந்தக் கடைசி இரண்டு வரியை எழுதினீர்கள் பாருங்கள், அதற்காகவே உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். எத்தனையோ பேர் கேட்கிறார்கள், எது நல்லது, எது நல்லது என்று. வண்டி எங்கே நிற்கிறது என்று ஒருவரும் சொல்வதில்லை. கோயம்புத்தூரில் ஷெட்டுக்குள் நிற்கும் வண்டிக்கு ஒரு பதில், கடற்கரையில் இருந்து மூன்றாவது தெருவில் வானம் பார்த்து நிற்கும் வண்டிக்கு வேறு பதில்.

லூவர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கூப் என்கிற இரண்டு கதவு வண்டிகளில் கூரை அப்படியே சரிந்து வால் வரைக்கும் இறங்கும், பின் கண்ணாடி கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டிருக்கும். உச்சி வெயில் நேராக உள்ளே இறங்கிப் பின் சீட்டைப் பொரித்து எடுக்கும். அதைத் தடுக்கக் கண்ணாடிக்கு மேல் பட்டை பட்டையாக, படிக்கட்டு மாதிரி ஒரு தட்டி வைத்தார்கள். 1966இல் வந்த லம்போர்கினி மியூராவில் இன்ஜினுக்கு மேல் அந்தக் கறுப்புப் பட்டைகளைப் பார்க்கலாம், அங்கே சூடு வெளியேறவும் அது வழி. 1969இல் மஸ்டாங் பாஸ் 302 வந்தபோது லாரி ஷினோடா என்ற வடிவமைப்பாளர் இதைப் பின் கண்ணாடிக்குக் கொண்டுவந்தார். ஸ்போர்ட் ஸ்லாட்ஸ் என்று பெயர். தம்பிக்குச் சின்ன வயதில் வந்த ஆசை அங்கே இருந்துதான் வந்திருக்கும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பட்டைகள் ஒவ்வொன்றும் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும். வெயில் மேலே இருந்து வருகிறது, பட்டையில் மோதி நின்றுவிடுகிறது. ஓட்டுகிறவர் கண் நேராகப் பின்னால் பார்க்கிறது, பட்டைகளின் ஓரம் மட்டும் மெல்லிய கோடாகத் தெரியும், நடுவில் சாலை தெரியும். பழைய ரயில் பெட்டி ஜன்னலில் ஏற்றி இறக்கும் ஷட்டர் இருக்குமே, சாய்ந்த பட்டைகளோடு, வெயில் வராது ஆனால் காற்று வரும், அதே குடும்பம்தான் இது.

ரயில் ஷட்டர் என்றதும் எங்கள் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில், அதாவது ரயில் பெட்டி பழுது பார்க்கும் இடத்தில், வேலை பார்த்தவர், பழைய வீடியோக்களில் சொல்லியிருக்கிறேன். என்னை உட்காரவைத்து ஒரு ஷட்டரைக் காட்டினார். பட்டை எல்லாம் பெயின்ட்டோடு பளபளவென்று இருக்கிறது. அப்பா அதைத் தொடவே இல்லை. ஷட்டர் இறங்கி உட்காரும் கீழ்ப் பள்ளத்தில் ஸ்க்ரூடிரைவர் நுனியை விட்டுக் கிளறினார், பொலபொலவென்று செம்பொடியாகத் துரு கொட்டியது. "வெயில் படுற இடம் கெடாதுடா, தண்ணி நிக்கிற இடம்தான் கெடும்" என்றார். எனக்குப் பதினாலு வயது இருக்கும். பட்டறை வைத்து இத்தனை வருஷத்தில் கதவு, டிக்கி, ரேடியேட்டர் சட்டம், எதைத் திறந்தாலும் அந்தச் செம்பொடிதான் கண்ணுக்குத் தெரிகிறது.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். முதலில் பிளாஸ்டிக்.

கடையில் பிளாஸ்டிக் லூவர் என்று கிடைப்பதில் பெரும்பாலானவை ஏபிஎஸ். அடி தாங்கும், லேசானது, விலை குறைவு. ஆனால் ஏபிஎஸ் உடையாமல் வளைந்து கொடுப்பதற்கு உள்ளே ஒரு ரப்பர் கலந்திருக்கிறார்கள், பியூட்டடையீன் என்று பெயர். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் முதலில் பிடிப்பது அதைத்தான். அந்த ரப்பர் செத்துப்போனால் மிச்சம் இருப்பது அப்பளம் மாதிரி. போன வருஷம் என் பட்டறைக்கு ஒரு ஏபிஎஸ் லூவர் வந்தது, இரண்டு கோடை மொட்டை வெயிலில் நின்ற வண்டி. விரலால் தடவினேன், சிலேட்டைத் தடவினது போல விரல் முழுக்கச் சாம்பல் நிறத்தில் மாவு. ஓரத்தில் இருக்கும் சின்னக் காதை, அதாவது ஸ்க்ரூ போகும் இடத்தை, நகத்தால் அழுத்தினேன், டப்பென்று கையோடு வந்துவிட்டது. வண்டிக்காரர் முகம் வாடிப்போனது, எனக்கே கஷ்டமாக இருந்தது.

இதற்கு மாற்று இருக்கிறது, ஏஎஸ்ஏ. கிட்டத்தட்ட ஏபிஎஸ் மாதிரிதான், ஆனால் அந்தப் பியூட்டடையீனுக்குப் பதில் அக்ரிலேட் ரப்பர் போட்டிருப்பார்கள், வெயிலைத் தாங்குவதற்கென்றே செய்தது. அதனால் பிளாஸ்டிக்தான் வேண்டும் என்றால் ஏஎஸ்ஏ என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் மேலே யூவி தாங்கும் அக்ரிலிக் தோல் ஒட்டிய ஏபிஎஸ் கேளுங்கள். "ஹெவி பிளாஸ்டிக் சார், ஒன்றும் ஆகாது" என்று மட்டும் சொல்லி, என்ன பிளாஸ்டிக் என்று சொல்லாத கடையில் வாங்காதீர்கள்.

அலுமினியம் வெயிலுக்குக் கவலைப்படாது. 5052 என்று ஒரு கலவை உண்டு, இரண்டரை சதவீதம் அளவுக்கு மெக்னீசியம் கலந்தது, உப்புக் காற்றை நன்றாகத் தாங்கும். மேலே கறுப்பு பவுடர் கோட்டிங், அதாவது பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பெயின்ட். கேட்கும்போதே மனசுக்கு நன்றாக இருக்கிறது இல்லையா? நானும் இதைத்தான் சொல்வேன் என்று நினைத்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

காசிமேட்டுக்காரர் ஒருவர், மீன் வியாபாரம், அவர் கூப் வண்டியில் அலுமினிய லூவர் போட்டிருந்தார். நல்ல தடிமனான தகடு, நல்ல கோட்டிங். பின்னால் ஏதோ சத்தம் வருகிறது என்று கொண்டுவந்தார். நான் போய்ப் பட்டையைப் பார்க்கவில்லை, ஸ்க்ரூவைப் பார்த்தேன். ஒவ்வொரு ஸ்க்ரூ தலையைச் சுற்றியும் சுண்ணாம்பு தடவினது போல வெள்ளை வளையம். பக்கத்தில் கோட்டிங் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது, தோசைக்கல்லில் மாவு பொங்குமே அப்படி. கத்தி முனையால் ஒன்றைக் குத்தினேன், கோட்டிங் தோலாக உரிந்து வந்தது, அடியில் ஈர வெள்ளைப் பொடி.

ஸ்க்ரூ வீடியோ பார்த்தவர்களுக்கு இது என்னவென்று இந்நேரம் தெரிந்திருக்கும். பரவாயில்லை, இன்னொரு தடவை சொல்கிறேன், எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். இரண்டு வேறு வேறு உலோகம் ஒன்றையொன்று தொட்டு, நடுவில் உப்புத் தண்ணீர் இருந்தால் அது ஒரு பேட்டரி. இரண்டில் ஒன்று கரையும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அலுமினியமும் தொட்டால் கரைவது அலுமினியம். காசிமேட்டில் கரைக்கு ஏற்றி வைத்திருக்கும் இரும்புப் படகின் அடிப்பக்கம் போய்ப் பாருங்கள், ஜிங்க் கட்டி பொருத்தியிருப்பார்கள். அது கரையட்டும், படகு பிழைக்கட்டும் என்று. கடலில் போகிறவர்களுக்கு இது அன்றாட விஷயம், கார் வைத்திருக்கிற நாம்தான் கவனிப்பதில்லை.

அதனால் அலுமினியம் போட்டால் ஸ்க்ரூ 316 ரக ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்க வேண்டும். சாதாரணமாகக் கிடைக்கும் 304 ரகம் கடற்கரைக் காற்றில் பழுப்புக் கறை பிடிக்கும், 316இல் மாலிப்டினம் என்ற உலோகம் இருப்பதால் உப்பை இன்னும் தாங்கும். ஸ்க்ரூ தலைக்கு அடியில் நைலான் வாஷர், ஓட்டைக்குள் நைலான் ஸ்லீவ், அப்போது இரண்டு உலோகமும் தொடாது. பாரிமுனையில் செம்புதாஸ் தெருப் பக்கம் போனால் எல்லாம் கிடைக்கும், லூவர் விலையில் ஒரு மூலைக்குக் காணாது. ஓட்டை போடுவதெல்லாம் பவுடர் கோட்டிங்குக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். கோட்டிங் அடித்த பிறகு ட்ரில் போட்டால் அந்த விளிம்பு பச்சைப் புண், உப்பு அங்கேதான் நுழையும்.

அந்தக் காசிமேட்டு வண்டியை இன்னும் முடிக்கவில்லை. லூவரைக் கழற்றினோம். கழற்றினோம் என்று சொல்கிறேனே, சுற்றிலும் டேப் போட்டு நிரந்தரமாக ஒட்டியிருந்தார்கள், மீன்பிடி நரம்பை உள்ளே விட்டு அறுத்து அறுத்து எடுக்க அரை நாள் ஆனது. எடுத்துப் பார்த்தால் கண்ணாடியின் கீழ் ஓரத்தில், பீடிங் ரப்பரை ஒட்டி, விரல் தடிமனுக்கு ஒரு சேறு. வேப்பிலை மட்கி, சாலைத் தூசி, எண்ணூர்ப் பக்கம் இருந்து வருகிற சாம்பல், எல்லாம் பனியில் நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து இறுகியிருக்கிறது. அதில் ஒரு துளி எடுத்து நாக்கு நுனியில் வைத்தேன். உப்பு. சுத்தமான கடல் உப்பு. அந்தச் சேற்றைச் சுரண்டினால் அடியில் பாடியின் பெயின்ட் போய் இரும்பு தெரிகிறது. லூவர் கெட்டது போகட்டும், வண்டியே அரித்திருக்கிறது! டிங்கரிங், பெயின்டிங் என்று அவருக்கு ஆன செலவில் இன்னும் இரண்டு லூவர் வாங்கியிருக்கலாம்.

இதனால்தான் மூன்று நாளாக எனக்குத் தூக்கம் கெட்டது. தம்பி, பிளாஸ்டிக்கா அலுமினியமா என்று கேட்டீர்கள். "அண்ணா, இதற்கு அடியில் எப்படிக் கழுவுவது?" என்று கேட்டிருந்தால் நான் எழுந்து வந்து கை கொடுத்திருப்பேன். நம்ம ஏரியாவில் தூக்கிக் கழுவ முடியாத லூவர் எந்தப் பொருளில் செய்திருந்தாலும் உழைக்காது. ஏஎஸ்ஏவாக இருந்தாலும் சரி, 5052ஆக இருந்தாலும் சரி, தண்ணீர் நிற்கும் இடத்தை மூடி வைத்தால் அங்கே கெடும்.

அதனால் மேல் பக்கம் கீல் வைத்து, கீழ்ப் பக்கம் தூக்குகிற மாதிரி இருப்பதை வாங்குங்கள். தூக்கினால் நிற்க ஒரு ஸ்டே ராடு இருந்தாலே போதும், கேஸ் ஸ்ட்ரட், அதாவது டிக்கிக் கதவைத் தூக்கி நிறுத்துமே அந்தக் கேஸ் தண்டு, இருந்தால் வசதி, ஆனால் அதன் தண்டும் உப்பில் துரு பிடிக்கும், அதையும் துடைக்க வேண்டும். கீலின் ஊசி என்ன உலோகம் என்று பாருங்கள். வாங்கும்போது காந்தம் ஒட்டிப் பார்ப்பார்கள் சிலர், அதில் 304க்கும் 316க்கும் வித்தியாசம் தெரியாது, பில்லில் எழுதி வாங்குவதுதான் வழி. கீழ் ஓரம் கண்ணாடியில் ரப்பர் முழுநீளத்துக்கு அழுந்தி உட்காரக்கூடாது. இரண்டு மூன்று இடத்தில் சின்ன ரப்பர் கால் மட்டும் இருக்கட்டும், நடுவில் தண்ணீர் ஓடிவிடும். வாரத்துக்கு ஒருமுறை தூக்கி நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், நம்ம பக்கம் போர் தண்ணீரே உப்பு. இரண்டு பக்கெட் மெட்ரோ தண்ணீர் போதும்.

கீலை எப்படிப் பிடிக்க வைப்பது என்றால், பாடியில் ஓட்டை போடாமல் விஎச்பி என்கிற அக்ரிலிக் ஃபோம் டேப்பில் ஒட்டுவார்கள். நல்ல டேப், பிடிக்கும். ஆனால் ஒட்டும் இடத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக அழுத்தி ஒட்டி, 72 மணி நேரம் விட வேண்டும், அப்போதுதான் முழுப் பிடி பிடிக்கும். ஒட்டின அன்றைக்கே எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, அந்தப் பள்ளத்தில் எல்லாம் இறங்கி ஏறி ஓட்டிவிட்டு டேப் சரியில்லை என்று சொல்லக்கூடாது. ஐப்பசி மழையில் ஒட்டவே ஒட்டாதீர்கள், பங்குனி வரைக்கும் பொறுத்தால் நல்லது.

அப்புறம் ஒரு விஷயம், இதை விட்டுவிட்டால் தப்பு. பின்னால் பார்வை மறையக்கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, அதில் 100ஆவது விதி, முன் பின் கண்ணாடியில் குறைந்தது 70 சதவீதம் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்கிறது. 2012இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமை நிறுத்தியது எல்லோருக்கும் தெரியும். லூவர் ஃபிலிம் இல்லைதான். ஆனாலும் சாலையில் நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள், அதனால் மாட்டுவதற்கு முன்னால் ஆர்டிஓ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மூன்றாவது பிரேக் விளக்கு கண்ணாடிக்குள் இருக்கும் வண்டி என்றால் லூவரில் அதற்கு இடம் வெட்டியிருக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன்னால் அட்டைப் பெட்டியைக் கிழித்துப் பட்டைகள் வெட்டி, அதே இடைவெளியில் ஒரு சட்டத்தில் ஒட்டிக் கண்ணாடி மேல் வையுங்கள். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து உள் கண்ணாடியில் பாருங்கள், மத்தியானம் ஒருமுறை, விளக்கு போடும் நேரத்தில் ஒருமுறை. பின்னால் வரும் பைக் தலை தெரிகிறதா? உயரமானவருக்கும் குள்ளமானவருக்கும் இது மாறும், நான் சொன்னேனே, கண்ணும் பட்டையும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் அது மெல்லிய கோடாகத் தெரியும். வீட்டில் வேறு யாராவது ஓட்டினால் அவர்களையும் உட்காரவைத்துப் பாருங்கள்.

ஆக, தம்பி, உங்களுக்கு என் பதில்: கீல் வைத்துத் தூக்குகிற ஏஎஸ்ஏ கிடைத்தால் அதையே போடுங்கள், உலோகம் உலோகம் தொடும் தொல்லை குறைவு. அலுமினியம்தான் மனசு கேட்கிறது என்றால் 5052, 316 ஸ்க்ரூ, நைலான் வாஷர், அதுவும் தூக்குகிற மாதிரி. ஒட்டி மூடும் ரகம் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். வாங்கும் முன் கீல் இருக்கும் பக்கத்தை மட்டும் கிட்டத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், முன்பக்கம் எனக்கு வேண்டாம், நான் பார்த்துச் சொல்கிறேன்.

சரி, அடுத்தது வியாசர்பாடியில் இருந்து ஒரு அம்மா, ஸ்கூட்டர் சைலன்சரில் ஓட்டை விழுந்தது பற்றி. இதுவும் அதே உப்புக் கதைதான், வாருங்கள்.