ஐந்து நாள் தாமதித்த விரைவு வண்டி

நேயர்களுக்கு வணக்கம்.

1963 ஜனவரி 23. ஜப்பானின் மேற்குக் கரையில் உள்ள நீகட்டா நகரிலிருந்து மாலை நான்கு மணி சுமாருக்கு ஒரு விரைவு வண்டி டோக்கியோவுக்குக் கிளம்பியது. அதன் பெயர் கோஷிஜி. ஒழுங்காக ஓடியிருந்தால் அன்றிரவே டோக்கியோவின் உவேனோ நிலையத்துக்குப் போயிருக்கும். அது உவேனோவுக்கு வந்து சேர்ந்தது 28ஆம் தேதி காலையில். நூறு மணி நேரத்துக்கும் மேல் தாமதம். வழியில் நாகஓகா பக்கம் பனியில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. அந்த மாதக் கடைசியில் நாகஓகாவில் அளந்த பனியின் உயரம் 318 சென்டிமீட்டர். மாடி ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போய் வந்தார்கள்.

பனி என்றதும் சைபீரியாவும் ஆல்ப்ஸ் மலையும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் லட்சக்கணக்கானவர்கள் வசிக்கும் ஊர்களில் இவ்வளவு பனி கொட்டும் இடம் உலகில் அதிகம் இல்லை. சைபீரியாவிலிருந்து கிளம்பும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடந்து வருகிறது. அந்தக் கடலில் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான நீரோட்டம் ஓடுவதால், காற்று வழியெல்லாம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. நாட்டின் நடுவில் நிற்கும் மலைத்தொடரில் மோதியதும் அத்தனையையும் மேற்குப் பக்கத்திலேயே கொட்டிவிடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் டோக்கியோவில் அதே நாளில் வெயில் அடிக்கும். நீகட்டாக்காரர்களுக்கு இதில் நூற்றாண்டுக் கணக்கான மனக்குறை உண்டு. பின்னாளில் பிரதமரான தனகா ககுயே அந்த ஊர்க்காரர். முதன்முதலில் தேர்தலில் நின்றபோது, அந்த மலைத்தொடரில் உள்ள மிகுனி கணவாயை வெடிவைத்துத் தகர்த்துவிட்டால் காற்று நேராக டோக்கியோ பக்கம் போய்விடும், நமக்குப் பனியே விழாது என்று மேடையில் பேசினாராம். அந்தத் தேர்தலில் தோற்றார். ஆனால் பேச்சை இன்றுவரை யாரும் மறக்கவில்லை. மலையை உடைக்க முடியவில்லை, சரி. அதற்குள் சுரங்கம் குடைந்து நீகட்டாவுக்கு அதிவேக ரயில் வந்தது. அதில் அவருடைய கை இருந்தது என்பது ஊரறிந்த விஷயம்.

அந்த ரயிலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், ஜப்பானின் முதல் புல்லட் ரயில் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையிலான தொக்கைதோ ஷின்கான்சென் 1964 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. ஒலிம்பிக் போட்டிக்குள் முடித்தாக வேண்டும் என்று அவசர அவசரமாகக் கட்டியது. வழியில் செகிகஹரா என்று ஓர் இடம். 1600இல் ஜப்பானின் தலையெழுத்தைத் தீர்மானித்த பெரும் போர் நடந்த களம். ரயில்காரர்களுக்கு அங்கே வேறொரு போர் காத்திருந்தது. மலைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி அது. அதன் வழியாகத்தான் பனிக்காற்று உள்ளே நுழையும்.

முதல் குளிர்காலத்திலேயே ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தன, பெட்டிக்கு அடியில் இருந்த கருவிகள் நசுங்கின. இத்தனைக்கும் அங்கே விழுந்த பனி ரயிலை மறிக்கும் அளவுக்கு இல்லை. நடந்தது இதுதான். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி போகும்போது தண்டவாளத்தில் கிடக்கும் பனி தூளாகக் கிளம்பிப் பெட்டியின் அடியில் போய் ஒட்டுகிறது. ஒட்டியது இறுகிப் பனிக்கட்டியாகிறது. வண்டி செகிகஹராவைத் தாண்டிச் சற்று வெதுவெதுப்பான சமவெளிக்கு வந்ததும் அந்தக் கட்டி கழன்று, அதே வேகத்தில் ஜல்லியில் விழுகிறது. ஜல்லிக்கல் தெறித்து எழும்பி வண்டியையே அடிக்கிறது, எதிரே வரும் வண்டியையும் அடிக்கிறது. பனி ரயிலை நிறுத்தவில்லை. ரயில்தான் தன் வேகத்தால் பனியை ஆயுதமாக்கிக்கொண்டது. மெதுவாகப் போகும் பழைய ரயில்களில் யாரும் இதைப் பார்த்ததில்லை. வரைபடம் போட்டவர்கள் யோசிக்காமல் விட்டதைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பாதையோரம் தண்ணீர்க் குழாய் போட்டுப் பனியின்மேல் தெளித்தார்கள். இங்கே தெளிப்பது பனியைக் கரைக்க இல்லை, நனைப்பதற்கு. நனைந்த பனி தூளாகப் பறக்காது. நிறையத் தெளிக்கவும் முடியாது. அந்தப் பாதை பெரும்பாலும் மண் கரையின்மேல் போகிறது. தண்ணீர் கூடிப்போனால் கரை இளகிவிடும். ஆகவே தெளிப்பது கொஞ்சம், வேகத்தைக் குறைப்பது கொஞ்சம், மிச்சத்துக்கு மனிதக் கை. நகோயா போன்ற நிலையங்களில் வண்டி நிற்கும் சில நிமிடத்துக்குள் ஆட்கள் அடியில் ஒட்டிய கட்டிகளைத் தண்ணீர் பீய்ச்சியும் கம்பியால் தட்டியும் கழற்றுவார்கள். அறுபது வருடம் ஆகியும் இது தீரவில்லை. இன்றும் குளிர்காலத்தில், செகிகஹராவில் பனி, அதனால் தாமதம் என்ற அறிவிப்பு கேட்கும். கட்டும்போது விட்டதைப் பிற்பாடு ஒட்டுப்போட்டுச் சரிக்கட்டுவது எவ்வளவு நீண்ட வேலை, பாருங்கள்.

1982 நவம்பரில் வந்த ஜோஎட்சு ஷின்கான்சென், நீகட்டாவுக்குப் போகும் பாதை, இதற்கு நேர் எதிர். செகிகஹராவில் பட்ட அனுபவம் கையில் இருந்தது, 1963இன் நினைவும் இருந்தது. அதனால் பனியை முதல் நாளிலிருந்தே கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். மண் கரை கிடையாது, தூண்களின்மேல் கான்கிரீட் பாதை. ஜல்லி கிடையாது, கான்கிரீட் பலகைமேல் தண்டவாளம். தெறிக்கக் கல்லே இல்லை, ஊறிப்போக மண்ணும் இல்லை. இனி எவ்வளவு தண்ணீர் வேண்டுமானாலும் ஊற்றலாம்.

ஊற்றினார்கள். பாதை நெடுகத் தெளிப்பான்கள். ஆற்று நீரையும் சுரங்கத்துக்குள் கசியும் நீரையும் எடுத்து, கொதிகலனில் சூடேற்றித் தெளிக்கிறார்கள். பனி கரைந்த நீரோடு அது ஓரத்துக் கால்வாய் வழியாகத் திரும்பி வரும், மறுபடி சூடேற்றி மறுபடி தெளிப்பார்கள். எரிபொருள் செலவை நினைத்தால் தலை சுற்றும். நாகஓகாவில் 1961 முதலே சாலைகளில் நிலத்தடி நீரைத் தெளித்துப் பனி கரைக்கும் வழக்கம் உண்டு. அந்த நீரிலுள்ள இரும்பால் தெருக்களே செம்பழுப்பாக இருக்கும். அது மலிவு. ஆனால் ஊரெல்லாம் உறிஞ்சியதில் நிலம் உள்வாங்கத் தொடங்கியது. அதனால் ரயிலுக்கு ஆற்று நீர்தான்.

வண்டியையும் அதற்கேற்றபடி செய்தார்கள். அந்த 200 வரிசை வண்டிகளில் பெட்டியின் அடிப்பாகம் முழுவதும் மூடியிருக்கும். கட்டி ஒட்ட மூலைமுடுக்கு இல்லை. மோட்டாரைக் குளிர்விக்க உள்ளிழுக்கும் காற்றைச் சுழற்றி, அதிலுள்ள பனித் துகளைப் பிரித்து வெளியே தள்ளுவதற்கும் ஏற்பாடு உண்டு. இது சின்ன விஷயம்போலத் தெரியும். மாவுபோன்ற உலர்ந்த பனி மோட்டாருக்குள் போய் உருகி, மின்சுருளைக் கெடுத்ததால் ஸ்தம்பித்த ரயில்வேக்கள் பல.

இங்கே ஒரு கொசுறுச் செய்தி. 2004 அக்டோபர் 23 அன்று நீகட்டாவில் பெரிய நிலநடுக்கம் வந்தபோது, 200 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்த டோக்கி 325 என்ற வண்டி தடம்புரண்டது. யாருக்கும் காயம்கூட இல்லை. கடைசிப் பெட்டி சாய்ந்து, இரண்டு பாதைகளுக்கும் நடுவே பனிநீர் வடிவதற்காக வெட்டியிருந்த கால்வாய்க்குள் இறங்கி, அதிலேயே வழுக்கிக்கொண்டு போய் நின்றது.

சரி, இந்த வெந்நீர் வைத்தியத்தை எல்லா ஊருக்கும் கொண்டுபோக முடியுமா? முடியாது. நீகட்டாவில் குளிர் சுழியத்தை ஒட்டியே இருக்கும். பனி ஈரமானது, கனமானது, தண்ணீர் பட்டால் கரையும். இன்னும் வடக்கே போனால் தெளித்த தண்ணீரே உறைந்து தண்டவாளத்தை மூடிவிடும். அதனால் வடகிழக்கே போகும் தொஹோகு பாதையில் தண்டவாளத்தை உயரத்தில் வைத்து, இரண்டு பக்கமும் பள்ளமாக இடம் விட்டிருக்கிறார்கள். வண்டியின் மூக்கில் உள்ள கலப்பை பனியை அந்தப் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போகும். வடகோடித் தீவான ஹொக்கைடோவில் சில இடங்களில் பாதையின் தரையே திறந்திருக்கும், பனி கீழே விழுந்துவிடும்.

இந்தப் புத்தி புதிதும் இல்லை. வடக்கே நொஹெஜியில் 1893இலேயே பாதையோரம் காடு வளர்த்தார்கள். ஜெர்மனியில் படித்துவிட்டுக் கனடா வழியாகத் திரும்பிய ஹோண்டா செய்ரோகு என்ற வனவியலாளர், அங்கே ரயில் பாதையோரம் நின்ற மரங்களைப் பார்த்துவிட்டு வந்து சொன்ன யோசனை. காற்று வரும் பக்கத்தில் மரங்கள் நின்றால் பனி அங்கேயே குவிந்துவிடும், பாதைக்கு வராது. அந்தக் காடு இன்னும் இருக்கிறது. பனியைக் கடைந்து வீசும் சுழல் கலப்பை வண்டியும் கனடாவிலிருந்து வந்ததுதான். அதை 1869இல் முதலில் வரைந்தவர் டொராண்டோவைச் சேர்ந்த ஒரு பல் மருத்துவர். பல்லைக் குடையும் கருவியைப் பார்த்துத் தோன்றியிருக்குமோ என்று யோசிப்பேன், ஆதாரம் ஒன்றும் இல்லை.

நகரத்து ரயில்களுக்கு வருவோம். சப்போரோ நகரம், அடுத்த வருடக் குளிர்கால ஒலிம்பிக்கை எதிர்பார்த்து 1971 டிசம்பரில் மெட்ரோ தொடங்கியது. ரப்பர் சக்கரத்தில் ஓடும் வண்டி. பனியில் ரப்பர் வழுக்கும். அதனால் பூமிக்கு வெளியே போகும் பகுதி முழுவதையும் அலுமினியக் கூரையால் மூடிவிட்டார்கள், நீண்ட குழாய்போல. பனி உள்ளே வருவதே இல்லை, பிரச்சினையும் இல்லை. பாஸ்டனில் அப்படி இல்லை. 2015 குளிர்காலத்தில் அங்கே மொத்தம் 280 சென்டிமீட்டர் பனி கொட்டியது. மின்சாரம் தரும் மூன்றாவது தண்டவாளம் உறைந்தது, வயதான வண்டிகளின் மோட்டார்கள் பனியை இழுத்துப் பழுதாயின. பிப்ரவரி 9 மாலை ஏழு மணிக்கு எல்லா ரயிலையும் நிறுத்தி, மறுநாள் முழுவதும் ஓட்டவில்லை. 11ஆம் தேதி அந்த ரயில்களை நடத்தும் அமைப்பின் பொது மேலாளர் பதவி விலகுவதாக அறிவித்தார். பல வருடமாகப் புது வண்டி வாங்கப் பணம் தராதவர்கள் யாரும் விலகியதாகத் தெரியவில்லை.

டோக்கியோ நகரமும் நீகட்டாவைப்போலத் தயாராக இல்லை, அதற்குத் தேவையும் இல்லை. வருடத்தில் ஓரிரு நாள் பனிக்காகப் பாதையெல்லாம் தெளிப்பான் போட்டால் பணத்தைக் கொட்டிக் கரைப்பதுதான். அங்கே முக்கியமான இடம் பாயிண்ட், அதாவது வண்டி ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம். நகரும் இரும்பு நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு பிடி பனி இறுகினால் போதும், பாயிண்ட் விழாது, சிக்னல் கிடைக்காது, வண்டிகள் பின்னால் வரிசை கட்டும். மின் சூடேற்றி இல்லாத இடங்களில் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றித் தண்டவாளத்துக்கு அடியில் வைப்பார்கள். பிரேக்கிலும் கவனம் வேண்டும். பனி நாளில் டிரைவர்கள் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே ஓட்டுவார்கள். கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவே பனி புகாமல் இருப்பதற்காக. அப்படியும் 2014 பிப்ரவரி 15 அதிகாலையில், டோக்கியோவை அடுத்த மொதோசுமியோஷி நிலையத்தில் நின்ற வண்டியைப் பின்னால் வந்தது இடித்தது. பிரேக்குக்குப் பிடிமானம் போய்விட்டிருந்தது. உயிரிழப்பு இல்லை, பலருக்குக் காயம்.

இனி 2018 ஜனவரி 11. அதே நீகட்டா மாகாணம். ஆனால் ஷின்கான்சென் அல்ல. தரையில், லெவல் கிராசிங்குகளைத் தாண்டி ஓடும் சாதாரண நான்கு பெட்டி வண்டி. உள்ளே சுமார் 430 பேர், வேலை முடிந்து, பள்ளி முடிந்து வீடு திரும்புகிறவர்கள். சஞ்ஜோ நகரில் ஒரு கிராசிங் அருகே, மாலை ஏழு மணிவாக்கில், முன்னால் குவிந்த பனியைத் தள்ள முடியாமல் வண்டி நின்றது. விளக்கும் வெப்பமும் கழிவறையும் வேலை செய்தன. இடம் கிடைக்காதவர்கள் இரவெல்லாம் நின்றார்கள். கடைசியாகத் தாண்டிய நிலையம் சில நூறு மீட்டரில்தான் இருந்தது. இருட்டில், இடுப்பளவு பனியில் நூற்றுக்கணக்கானவர்களை இறக்கி நடக்கவிடுவது ஆபத்து என்று தீர்மானித்தார்கள். பனியை அகற்றினால் கிளம்பிவிடலாம் என்ற நம்பிக்கையும் ஒவ்வொரு மணி நேரமும் நீண்டது. கார் எடுத்துக்கொண்டு வந்த பெற்றோர் சிலருடன் மட்டும் பிள்ளைகளை அனுப்பினார்கள். வண்டி நகர்ந்தபோது மறுநாள் காலை பத்தரை.

இறக்காதது தவறு என்று பலர் எழுதினார்கள். எனக்குப் படுவது, அந்த வண்டியைக் கிளப்பியதே தவறு. அன்று அது ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதமாகத்தான் புறப்பட்டது, பாதையின் நிலைமை அப்போதே தெரிந்திருந்தது. வண்டி நிலையத்தில் நின்றால் 430 பேர் கோபப்பட்டிருப்பார்கள். ஆனால் கடை இருக்கும், தண்ணீர் இருக்கும், வீட்டுக்குப் போன் செய்து வேறு வழி பார்த்திருக்கலாம். இப்போதெல்லாம் பெரும்பனி வரும் என்று வானிலைத் துறை சொன்னால், நாளை இந்தப் பாதையில் இந்த நேரத்துக்குமேல் வண்டி கிடையாது என்று முந்தின நாளே ஜப்பானில் அறிவித்துவிடுகிறார்கள். சில நாள் எதிர்பார்த்த பனி வராமலே போய்விடும். அன்றைக்குத் திட்டு வாங்குவதும் அவர்கள்தான்.

நன்றி, வணக்கம்.