செந்தமிழும் நாப்பழக்கம், விசுவாசமும் அப்படித்தான்

(இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஆலய ஆண்டு விழாவில் பேசியது. கேட்ட சிலர் எழுதித் தரச் சொன்னதால் எழுதுகிறேன்.)

போதகர் ஐயா அவர்களே, சபைச் செயலாளர் அவர்களே, விடியற்காலை முதல் அடுப்படியில் நின்றுவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கும் மாதர் ஐக்கியத்து அக்காமார்களே, ஞாயிற்றுக்கிழமையையும் நமக்காக விட்டுக்கொடுத்து வந்திருக்கும் தோட்டத் துரை அவர்களே, முன்வரிசையில் இருக்கும் மாரியம்மன் கோவில் கமிட்டித் தலைவர் அண்ணன் அவர்களே, எல்லாருக்கும் வணக்கம். அண்ணன் வந்ததைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். போன மழைக்காலத்தில் இந்த ஆலயத்தின் கூரைத் தகரம் காற்றில் பறந்தபோது ஏணியைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடி வந்தது கோவில் கமிட்டிப் பையன்கள்தான். அதை நாங்கள் மறக்கவில்லை, அண்ணன்.

சபை தன் மக்களை விசுவாசத்தில் வளர்ப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். வசனம், ஐக்கியம், ஊழியம் என்று மூன்று காரியங்கள் குறித்து வைத்திருக்கிறேன். வசனத்தில் தொடங்குகிறேன்.

நம் ஔவைப் பாட்டி சொன்னது எல்லாருக்கும் தெரியும்: சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். இங்கே கொழுந்தெடுக்கும் அக்காமாரைக் கேட்டுப் பாருங்கள், இரண்டு இலையும் ஒரு மொட்டும் எப்படிக் கிள்ளுவது என்று யாராவது கூட்டம் போட்டா சொல்லிக் கொடுத்தார்கள்? அம்மாவோடு நிரையில் நின்று, அம்மாவின் விரலைப் பார்த்துப் பார்த்து வந்தது. விசுவாசமும் அப்படித்தான் வரும் என்பது என் எண்ணம். ஞாயிறு ஒரு மணி நேரம் பிரசங்கம் கேட்டு மட்டும் யாரும் வளர்வதில்லை, தினமும் வாயில் வசனம் புரள வேண்டும்.

ஒரு கதை சொல்கிறேன். நான் பையனாக இருந்தபோது எங்கள் டிவிசனில் ஒரு பாட்டி இருந்தார், அப்பாயி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். நாற்பது வருஷம் கூடை சுமந்த நெற்றி, அதில் கயிற்றுத் தழும்பு பளபளவென்று தெரியும். கையெழுத்துப் போடும் இடத்தில் எல்லாம் பெருவிரல்தான். ஆலயத்தில் கடைசிப் பாயில், சுவரோரம்தான் உட்காருவார். ஒரு ஞாயிறு எங்களில் ஒருவனை வேதபாடம் வாசிக்க எழுப்பினார்கள், இருபத்துமூன்றாம் சங்கீதம். புதுச் சட்டை, கால் நடுங்குகிறது, முன்னால் அத்தனை பேர். “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடைவேன்” என்று வாசித்துவிட்டான்! ஒரே எழுத்துதான், யே என்பது வே ஆனது, அர்த்தம் தலைகீழ். போதகர் கவனிக்கவில்லை, மூப்பர்களும் கவனிக்கவில்லை, அவன் அடுத்த வசனத்துக்குப் போய்விட்டான். சுவரோரத்திலிருந்து ஒரு சத்தம்: “அடையேன்டா தம்பி, அடையேன்! அவர் மேய்ப்பரா இருக்கும்போது நீ எப்படிடா அடைவே?” ஆலயமே சிரித்தது. போதகரும் சிரித்துவிட்டு, தம்பி, முதலில் இருந்து வாசி என்றார். அவன் வாசித்தான், இந்தத் தடவை “அடையேன்” வந்ததும் அப்பாயி ஆமென் சொன்னார், கூடவே எல்லாரும் சொன்னோம்.

எழுத்தே தெரியாதவருக்கு ஒரு எழுத்துப் பிழை எப்படித் தெரிந்தது? ஆராதனை முடிந்து நாங்கள் போய்க் கேட்டோம். பேத்தி தினமும் ராத்திரி விளக்கு வைத்ததும் வீட்டுக் காம்பராவில் ஒரு வசனம் வாசிப்பாளாம், அப்பாயி திருப்பிச் சொல்வாராம், அடுத்த நாள் மலையில் நிரை முடியும் வரை அதையே முணுமுணுப்பாராம். வேறெதுவும் இல்லை. செந்தமிழும் நாப்பழக்கம்!

இன்றைக்கு என்ன நடக்கிறது? காலையில் எழுந்தால் போனில் பத்து வசனப் படம் வந்து கிடக்கிறது, பூவும் சூரியனும் போட்டு. ஒரு இதயத்தைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம், ஒன்றையாவது வாய்விட்டு வாசித்தோமா? திடப்படுத்தல் எடுத்து சபையின் முழு உறுப்பினரான பிள்ளைகள் அடுத்த வருஷமே கொழும்பில் கடை வேலைக்குப் போய்விடுகிறார்கள். தனியாக அறையில் கிடக்கும் அந்தப் பிள்ளைக்குத் துணையாக மனதில் நான்கு வசனமாவது நாம் போட்டு அனுப்பினோமா?

ஞாயிறு பள்ளி எங்கே பிறந்தது என்று யோசித்துப் பாருங்கள். 1780ல் இங்கிலாந்தின் குளோஸ்டர் ஊரில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கியபோது, வாரமெல்லாம் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு ஓய்வு ஞாயிறு மட்டும்தான், அன்றைக்கு உட்கார வைத்து முதலில் வாசிக்கத்தான் கற்றுக்கொடுத்தார்கள். 1706ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் ஐயர் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தவர், 1715ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. இந்த மலைக்கு வந்தால், 1854ல் தமிழ்க் கூலி மிஷன் என்று தொடங்கினார்கள், அன்று நம்மை எப்படிப் பார்த்தார்கள் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ஆனாலும் அந்த மிஷனின் உபதேசிமார் கோப்பித் தோட்டம் தோட்டமாக நடந்தே போய்த்தான் வசனம் சொன்னார்கள். அந்த வாசிப்பையும் வசனத்தையும் தொலைத்துவிட்டு ஞாயிறு பள்ளியில் நாம் என்ன செய்கிறோம்? படத்துக்கு வர்ணம் தீட்டக் கொடுத்து, பிஸ்கட்டும் கொடுத்து அனுப்புகிறோம். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஆலயத்தின் பக்க அறை வாரத்தில் ஆறு நாள் பூட்டித்தான் கிடக்கிறது. செவ்வாயும் வியாழனும் சாயந்தரம் ஆறு மணிக்குத் திறப்போம். பிள்ளைகள் வந்து ஒரு மணி நேரம் தமிழ் சத்தமாக வாசிக்கட்டும், நம் பிள்ளைகள் வேதம் வாசிக்கட்டும், கோவில் கமிட்டி அண்ணன் வீட்டுப் பிள்ளைகளும் வரட்டும், அவர்கள் பாடப்புத்தகத்தை வாசிக்கட்டும். அங்கே யாருக்கும் பிரசங்கம் இல்லை, அண்ணன், இது நான் எல்லார் முன்பாகவும் கொடுக்கும் வாக்கு. அப்புறம் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்த் தன் பாட்டிக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்டட்டும்.

ஐக்கியத்தையும் ஊழியத்தையும் பேச நேரம் இல்லை, போதகர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார், அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம். பக்க அறைக்கு லைட் வேண்டும், துரை அவர்கள் வயர் இழுக்க அனுமதி தந்தால் போதும், பல்பு இரண்டு நான் வாங்கித் தருகிறேன். மாதர் ஐக்கியம் பாய் தரும் என்று அக்கா தலையாட்டுகிறார்கள், சரி. வருகிற செவ்வாய் முதல் வகுப்பு, இருபத்துமூன்றாம் சங்கீதம், வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இரண்டு பேர் துணைக்கு வேண்டும், கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.