கறுப்புக்கு லைட் வைக்கத் தெரிந்தவர்கள்

வணக்கம் நேயர்களே.

அமெரிக்கப் பாடகி பியான்சேயின் 'பிளாக் இஸ் கிங்' என்ற விஷுவல் ஆல்பம் பற்றி ஒரு ரசிகையாகப் பேச முடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். சரி என்று உடனே சொல்லிவிட்டேன். அதில் பேச எவ்வளவோ இருக்கிறது. ஆனாலும் எனக்குக் கிடைத்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை அதில் வரும் ஒரே ஒரு பாட்டுக்குக் கொடுக்கப்போகிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முதலில், பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். விஷுவல் ஆல்பம் என்றால், ஒரு இசைத்தொகுப்பின் பாட்டுகளை வரிசையாக ஒரே கதையில் கோத்து முழுநீளப் படமாகவே எடுப்பது. பியான்சே இதற்கு முன்பும் செய்திருக்கிறார். 2016-இல் வந்த 'லெமனேட்' அப்படித்தான். அது அமெரிக்காவின் தென்மாநிலத்துக் கறுப்பினப் பெண்களின் கதை. லூசியானாவின் பழைய பண்ணை வீடுகள், அங்கே அடிமைகளாக உழைத்தவர்களின் நினைவு, காவல்துறையாலும் நிறவெறியாலும் பிள்ளைகளை இழந்து புகைப்படத்தைக் கையில் ஏந்தி அமர்ந்திருக்கும் தாய்மார்கள் என்று அதில் கோபமும் துக்கமும் நிறைந்திருந்தன. 'பிளாக் இஸ் கிங்' 2020 ஜூலை 31 அன்று வெளியானது. அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரரால் கொல்லப்பட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஊரெல்லாம் கறுப்பு உடல் அடிபடுவதையும் சாவதையும் திரையில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ஏறக்குறைய எண்பத்தைந்து நிமிடம் அதே உடலை அழகாகவும் கம்பீரமாகவும் மட்டும் காட்டிய படம் இது.

கதை 'தி லயன் கிங்' படத்தில் நாம் பார்த்த சிம்பாவின் கதைதான். ஒரு சிறுவன், இறந்துபோன தந்தை, தொலைந்துபோன வழி, திரும்பி வந்து தன் இடத்தை ஏற்றுக்கொள்வது. சிங்கங்களுக்குப் பதிலாக மனிதர்கள். ஆற்றில் மிதந்து வரும் ஒரு கூடையோடு தொடங்குகிறது. நைஜீரியா, கானா, தென்னாப்பிரிக்கா, லண்டன், அமெரிக்கா என்று பல இடங்களில் படமாக்கினார்கள். பெயர் பியான்சேயுடையது என்றாலும், கானாவின் பிளிட்ஸ் பசாவுலே, லண்டனில் வளர்ந்த நைஜீரிய வம்சாவளி ஜென் என்கிரு போன்ற இயக்குநர்கள் தனித்தனிப் பகுதிகளை எடுத்திருக்கிறார்கள். பாட்டுகளில் நைஜீரியாவின் யெமி அலாடே, விஸ்கிட், பர்னா பாய், கானாவின் ஷாட்டா வாலே, தென்னாப்பிரிக்காவின் மூன்சைல்ட் சனெல்லி, புசிஸ்வா ஆகியோரின் குரல்கள். ஒரு பாட்டில் மாலி நாட்டின் ஊமூ சங்காரேயின் பழைய பாட்டுக் குரலைப் பின்னியிருக்கிறார்கள். வழிகாட்டும் முதியவராக வருபவர் தென்னாப்பிரிக்காவின் மூத்த நடிகை மேரி ட்வாலா. படம் வெளியாவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு அவர் காலமானார். அந்தச் சுருக்கம் விழுந்த முகத்தை கேமரா அவசரப்படாமல் நின்று பார்க்கிறது. அதற்காகவே இயக்குநர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இப்போது நான் சொன்ன அந்தப் பாட்டு. 'பிரவுன் ஸ்கின் கேர்ள்'. 'தி லயன் கிங்' படத்தை ஒட்டி 2019-இல் பியான்சே வெளியிட்ட இசைத்தொகுப்பிலேயே இது இருந்தது. அந்தத் தொகுப்புதான் 'பிளாக் இஸ் கிங்' ஆனது. கறுத்த தோலை முத்துக்கு ஒப்பிட்டு, உலகத்திலேயே சிறந்தது அதுதான், வேறு எவருக்காகவும் உன்னை மாற்றிக்கொள்ள மாட்டேன் என்று ஒரு பெண்ணிடம் சொல்லும் பாட்டு. பியான்சேயின் மகள் ப்ளூ ஐவியும் இதில் பாடியிருக்கிறாள். பாட்டை எழுதியவர்களில் ஒருத்தியாக அவள் பெயரும் இருக்கிறது. அப்போது அவளுக்கு ஏழு வயது. பாட்டு வந்ததும் உலகம் முழுக்கக் கறுத்த பெண்கள் தங்கள் படங்களை இந்த வரிகளோடு பகிர்ந்தார்கள். ஒரு வருடம் கழித்து, ஜென் என்கிருவும் பியான்சேயும் சேர்ந்து இயக்கிய காட்சிகளோடு அது படத்தில் வந்தது.

நான் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பங்களுக்கு கலர் கரெக்‌ஷன் செய்கிறவள். நாள் முழுக்க முகங்களோடுதான் வேலை. அதனால் இந்தப் பாட்டை முதலில் காதால் கேட்டதைவிட, கண்ணால் பார்த்தபோதுதான் அசந்துபோனேன். ஒரு பெரிய நடனக் கூடம். வெளிர் நிற கவுன் அணிந்த இளம்பெண்கள், கோட்டு சூட்டில் இளைஞர்கள், ஒருவர் கை ஒருவர் பிடித்து ஆடுகிறார்கள். கறுத்த தோலையும் வெளிர் துணியையும் ஒரே ஃபிரேமில் எடுப்பது எவ்வளவு சிரமம் என்று இந்தத் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவை, துணிக்கு ஏற்ற மாதிரி வைத்தால் முகம் இருண்டுவிடும். முகத்துக்கு ஏற்ற மாதிரி வைத்தால் துணி வெளுத்து, மடிப்பு, பின்னல் எதுவும் தெரியாது. இங்கே இரண்டும் தெரிகிறது. கன்னத்தின் மேட்டில், கழுத்தெலும்பில், தோளின் வளைவில் ஒளி மெல்லிய கோடாக வழுக்கிப் போகிறது. நேர் எதிரே லைட்டை அடித்து முகத்தை வெளுக்க வைக்கவில்லை. பக்கவாட்டிலிருந்து மென்மையான ஒளி. கறுத்த தோல் ஒளியைத் திருப்பித் தருகிற விதம் தனி. அதைத் தெரிந்தவர்கள் எடுத்த காட்சி இது. மாநிறம், காப்பி நிறம், நல்ல கறுப்பு என்று ஒவ்வொருத்தியின் நிறமும் அவளவள் நிறமாகவே நிற்கிறது.

இது ஏன் பெரிய விஷயம் என்று சொல்கிறேன். ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் படம் கழுவி பிரிண்ட் போடும் லேபுகளுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அந்த முகம் சரியாக வந்தால் கலர் சரி என்று அர்த்தம். உலகத்தில் யார் முகத்தைப் பிரிண்ட் போட்டாலும் அளவுகோல் அவள்தான். கறுப்புக் குழந்தையும் வெள்ளைக் குழந்தையும் ஒரே வகுப்புப் படத்தில் நின்றால், கறுப்புக் குழந்தையின் பல்லும் கண்ணும் மட்டும்தான் படத்தில் தெரியும். பெற்றோர் குறை சொன்னார்கள், பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஃபிலிமின் தரம் மாறுவதற்கு ஒரு முக்கியக் காரணம், சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் தங்கள் பொருளின் பழுப்பு நிறம் விளம்பரப் படத்தில் சரியாக வரவில்லை என்று புகார் செய்தது. மேசைக்காகவும் மிட்டாய்க்காகவும் மாறிய ஃபிலிமால்தான் மனிதர்களின் முகமும் கொஞ்சம் தெளிந்தது. பல நிறப் பெண்கள் சேர்ந்து இருக்கும் அட்டை 1990-களில்தான் வந்தது. எனக்கு இதைப் படித்தபோது நெஞ்சு கனத்துப்போனது. என் மேசைக்கு வரும் ஒவ்வொரு கல்யாண ஆல்பத்திலும் "பொண்ணுக்குக் கொஞ்சம் கலர் ஏத்திக் கொடுங்க" என்று எழுதிய சீட்டு இருக்கும். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு இந்தப் பாட்டைப் பார்த்தவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பாட்டில் மூன்று பெண்களைப் பெயர் சொல்லிப் புகழ்கிறார் பியான்சே. மாடல் நவோமி கேம்பல், நடிகை லுபிடா நியோங்கோ, பாடகி கெல்லி ரோலண்ட். அந்த மூவருமே காட்சியிலும் வருகிறார்கள். லுபிடா ஆஸ்கர் வாங்கிய 2014-ஆம் ஆண்டில் ஒரு மேடையில் பேசியிருக்கிறார். சிறுவயதில் ஒவ்வொரு இரவும், காலையில் வெளுத்த தோலோடு எழ வேண்டும் என்று கடவுளிடம் வேண்டிக்கொள்வாராம். விடிந்ததும் ஓடிப்போய் கண்ணாடியைப் பார்ப்பாராம். சூடானிலிருந்து வந்த அலெக் வெக் என்ற மாடலை உலகமே அழகி என்று கொண்டாடியதைப் பார்த்த பிறகுதான் மனம் மாறத் தொடங்கியதாம். இந்தப் பாட்டில் லுபிடா மட்டுமல்ல, தென் சூடானில் வேர்கொண்ட, சிறுவயதைக் கென்யாவின் அகதி முகாமில் கழித்த மாடல் அடுட் அகெச்சும் இருக்கிறார். ஒருத்தியைப் பார்த்து இன்னொருத்தி எழுந்து நிற்பது என்பது இப்படித்தான் நடக்கிறது.

கெல்லி வரும் இடம் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. கெல்லியும் பியான்சேயும் சிறுமிகளாக இருந்தபோதே ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், டெஸ்டினிஸ் சைல்ட் குழுவில் சேர்ந்து பாடியவர்கள். அந்தக் குழுவில் கண்ணெல்லாம் வெளிர் நிறப் பியான்சே மேல்தான் இருந்தது. இங்கே பியான்சே கெல்லியின் முகத்தை மிக நெருக்கத்தில் பார்த்து, அவளுக்கென்றே பாடுகிறார். இருவருக்கும் சிரிப்பு வருகிறது, அடக்க முடியவில்லை. அதை அப்படியே வைத்திருக்கிறார்கள். ஒரு வெளிர் நிறப் பெண் கறுத்த தோழியிடம் பல வருடங்களுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியதைக் கேமரா முன்னால் சொல்கிறாள் என்றே நான் அதை எடுத்துக்கொண்டேன்.

ப்ளூ ஐவியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குழந்தைக்கு இரண்டு வயது இருக்கும்போது, அவள் சுருட்டை முடியைச் சீவிவிடுங்கள் என்று இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டு மனு எழுதினார்கள். இரண்டு வயதுக் குழந்தையின் முடிக்கு! அமெரிக்காவில் இயல்பான முடியோடு வேலைக்கோ பள்ளிக்கோ போவதைத் தடுக்கக் கூடாது என்று முதல் மாநிலச் சட்டம் கலிஃபோர்னியாவில் வந்ததே 2019-இல்தான். அப்படிக் கேலி செய்யப்பட்ட குழந்தைதான் இந்தப் பாட்டுக்காக 2021 மார்ச்சில் ஒன்பது வயதில் கிராமி விருது வாங்கினாள். அதே இரவில் அம்மாவும் தன் 28-ஆவது கிராமியை வாங்கினார்.

தமிழர்களுக்கு இதில் ஒரு சொந்தப் பங்கும் உண்டு. பிரிட்டனில் வாழும் ஒரு தமிழ் மாடலும் இந்தப் பாட்டின் காட்சியில் இருக்கிறார். நல்ல கறுப்பு நிறம். அதே 2020 ஜூலையில்தான் நம் நாட்டில் ஒரு பிரபலமான முகப்பூச்சு தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்தது. பெயர் மாறியது, டப்பாவுக்குள் இருப்பது அதேதான். என்னைக் கேட்டால் அந்தப் பெயர் மாற்றத்தைவிட, அந்த மாடல் திரையில் வரும் சில நொடிகள் பெரிது.

ரசிகை என்பதால் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். டிரெய்லர் வந்தபோதே ஆப்பிரிக்கர்கள் பலர் கேட்டார்கள்: சிறுத்தைத் தோல், முகத்தில் வண்ணம், கிரீடம், சிம்மாசனம், இதுதானா ஆப்பிரிக்கா? வகாண்டா என்ற கற்பனை நாட்டைப் போல ஒரு கனவுக் கண்டத்தைச் செய்து வைக்கிறீர்களே என்றார்கள். கென்யர்களின் வருத்தம் இன்னும் நியாயமானது. சிம்பா, ரஃபீகி எல்லாமே ஸ்வாஹிலி பெயர்கள், ஆனால் பாட்டுகளில் கிழக்கு ஆப்பிரிக்கக் கலைஞர்களைத் தேட வேண்டியிருக்கிறது. இந்த இரண்டிலும் நான் அவர்கள் பக்கம். மாளிகையில் நடக்கும் ஆடம்பரப் பாட்டு எனக்கு ஒட்டவே இல்லை. பணக்காரராக இருப்பதும் மரபைக் கொண்டாடுவதும் அங்கே குழம்பிப்போகின்றன. நம் முன்னோர்கள் அரசர்கள் என்று சொல்வது அடிமைக் கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய மருந்து என்று புரிகிறது. ஆனால் அரசராக இல்லாத முன்னோருக்கும் மரியாதை உண்டுதானே. நெசவு செய்தவர், மீன் பிடித்தவர், பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனவள்?

'பிரவுன் ஸ்கின் கேர்ள்' பாட்டில் இந்தக் குழப்பம் இல்லை. அங்கே யாரும் ராணி என்பதால் அழகாக இல்லை. பாட்டி, அம்மா, மகள், தோழி என்பதால் அழகாக இருக்கிறார்கள். படத்தின் கடைசியில் தன் மகன் சர் கார்ட்டருக்கும், எல்லா மகன்களுக்கும் மகள்களுக்கும் சமர்ப்பணம் என்று பியான்சே போடுகிறார். மன்னன் கதை மகனுக்கு. இந்தப் பாட்டு மகள்களுக்கு. எனக்கு இதுவே போதும்.

பார்க்கப்போகிறவர்களுக்குத் தொழில்காரியாக ஒரு வேண்டுகோள். போனில் பார்க்காதீர்கள், அதுவும் பகல் வெளிச்சத்தில். கறுப்பின் சாயல்களெல்லாம் அதில் ஒன்றாகிவிடும். டிவியில் பாருங்கள். பிக்சர் செட்டிங்கில் 'விவிட்' என்று இருந்தால் எடுத்துவிட்டு 'சினிமா' அல்லது 'மூவி' என்று வையுங்கள். அறையின் விளக்கை அணைத்துவிடுங்கள். வீட்டில் சிறுமிகள் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

நன்றி, வணக்கம்.