கட்டடத்துக்குக் கிடைத்த பணமும் சம்பளத்துக்குக் கிடைக்காத பணமும்

அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். பல்கலைக்கழகங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மக்களிடம் பேச வேண்டும் என்று ஏற்பாட்டுக் குழுவினர் கேட்டபோது, ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் தொடக்க ஆண்டுகளையே நான் தேர்ந்தெடுத்தேன். பிரிட்டிஷார் ஆண்ட அந்தத் தீவில் தள்ளாடிக்கொண்டிருந்த அந்தக் கல்விக்கூடத்துக்குக் கைகொடுத்தவர்களில் ஒருவர், இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத லாருட் ஈய வயல்களில் பொருளீட்டத் தொடங்கியவர்.

1907இல் ஹாங்காங் ஆளுநராகப் பொறுப்பேற்ற பிரெடரிக் லுகார்டு அங்கே ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று உறுதியாக நின்றார். ஆனால் ஆளப்படும் நாடு தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது லண்டனின் கொள்கை. உள்ளூர் வணிகர்களோ வரி கூடிவிடுமே என்று தயங்கினார்கள். பம்பாயிலிருந்து சென்று ஹாங்காங்கில் தொழில் செய்த பார்சி வணிகர் ஹோர்முஸ்ஜி மோடி, கட்டடத்துக்கென 150,000 டாலர் தர முன்வந்த பிறகுதான் பேச்சு செயலாக மாறியது. 1910 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1912இல் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. மோடி அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

தூண்களும் முற்றங்களும் கொண்ட அழகிய கட்டடம் எழுந்துவிட்டது. பேராசிரியருக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டிய சம்பளம், ஆய்வுக்கூடத்து மருந்துப்பொருள், நூலகத்துக்கு வாங்கும் புத்தகம் ஆகியவற்றுக்குத்தான் போதிய பணம் இல்லை. லுகார்டு இதை முன்கூட்டியே உணர்ந்திருந்தார். அதனால்தான் கட்டடத்தோடு, முதல் தொகையைத் தொடாமல் அதன் வருவாயை மட்டும் செலவிடும் ஒரு வைப்பு நிதியும் சேர்ந்தாக வேண்டும் என்று வலியுறுத்தி, கடல்கடந்து வாழ்ந்த சீனர்கள்வரை நன்கொடை கேட்டுச் சென்றார். சேர்ந்த தொகை தொடங்குவதற்குப் போதுமானதாக இருந்ததே தவிர, நடத்துவதற்குப் போதவில்லை. கல்வெட்டில் பெயர் பொறிக்கும் செலவுக்குக் கொடையாளர் எளிதில் கிடைப்பார். ஒவ்வோர் ஆண்டும் திரும்பத் திரும்ப வரும் செலவுக்குக் கிடைப்பது அரிது. ஒரு பல்கலைக்கழகத்தின் வறுமை பெரும்பாலும் இந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது என்பது என் உறுதியான கருத்து.

இங்கேதான், லாருட்டில் பொருளீட்டத் தொடங்கியவர் என்று நான் முதலில் சொன்ன லோக் இயூ வருகிறார். ஈயத்திலும் ரப்பரிலும் வரிக் குத்தகைகளிலும் பெருஞ்செல்வம் சேர்த்த அவர், நன்கொடையோடு நில்லாமல், 500,000 டாலரை வட்டியில்லாக் கடனாக 21 ஆண்டுகளுக்கு அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். இதைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தத் தொகையை 5 விழுக்காட்டு வட்டிக்கு விட்டதாக வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு 25,000 டாலர் பல்கலைக்கழகத்தின் கைக்கு வரும். முதல் தொகை அப்படியே இருக்கும், தவணை முடிந்ததும் கொடுத்தவருக்கோ அவர் வாரிசுகளுக்கோ திரும்பிவிடும். கட்டடம் கட்டித் தந்தவர்களைவிடப் பல்கலைக்கழகத்தின் உண்மையான பசியை இந்த வணிகர் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார் என்றே நான் மதிக்கிறேன்.

அதுவும் போதவில்லை. முதல் உலகப் போரின் விலையேற்றத்தில் பல்கலைக்கழகம் திவாலாகும் நிலைக்கு வந்து, 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹாங்காங் அரசு கடனை அடைத்து வைப்பு நிதியும் அளிக்க வேண்டியதாயிற்று. அதன்பின் ராக்பெல்லர் அறநிறுவனம் மருத்துவப் பேராசிரியர் இருக்கைகளுக்கு நிதி வழங்கியது. அந்தக் கொடையும் கட்டடத்துக்கல்ல, கற்பிக்கும் மனிதருக்கே என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் முன்னோர் கொடுத்தது வேறு வகை. மலாயா இன்னும் பிரிட்டிஷார் கையில் இருந்த 1950களில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி குரல் எழுப்பி, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரில் நூலக நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு மலாயா டாலர், என்பதே வேண்டுகோள். அன்று நாள் கூலி சில வெள்ளிகள்தாம். விடியுமுன் தோட்டத்தில் பிரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, ரப்பர்ப் பால்வாளி சுமந்து, சம்பள நாளில் கடைக்கடன் போக மிஞ்சியதில் ஒரு வெள்ளியை எடுத்து வைப்பது என்ன என்பதை இந்த அவையில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த வெள்ளி கேட்கப்பட்டது புத்தகத்துக்கு என்பதுதான் என்னை இன்றும் நெகிழச் செய்கிறது. 1956இல் தொடங்கப்பட்ட இந்திய ஆய்வியல் துறை அந்த உணர்வின் துணையோடுதான் வளர்ந்தது.

ஆகவே என் வேண்டுகோள் இது. இந்த வட்டாரத்தில் உயர்கல்விக்கென நிதி திரட்டும்போது, மண்டபமும் நுழைவாயிலும் வேண்டாம். ஒரு விரிவுரையாளர் இருக்கைக்கோ நூல் வாங்கும் நிதிக்கோ திரட்டுங்கள். ஆண்டுக்கு 40,000 ரிங்கிட் வேண்டுமானால், 4 விழுக்காட்டு வருவாயில் 1,000,000 ரிங்கிட் முதலாகத் தேவை. மலைக்க வேண்டாம்: 1960இல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதத் தவணையாகப் பங்குப்பணம் செலுத்தித் தோட்டங்களையே வாங்கியவர்கள் நம் தொழிலாளர்கள்தாம். பணத்தை ஒப்படைக்கும் முன், முதல் தொகையைத் தொடுவதில்லை என்றும், ஆண்டுதோறும் கணக்கு இந்த ஊருக்கு வந்து சேரும் என்றும், துறை மூடப்பட்டால் நிதி எங்கே போகும் என்றும் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.