உறுமல் குரலும் ரசிகர்களின் எதிர்பார்ப்பும்: நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்றைய முதல் கேள்வியைத் தேவகோட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் அனுப்பியிருக்கிறார். அதை அப்படியே படித்துவிடுகிறேன்.

"ஐயா, ஓப்பெத் குழுவைக் கேட்டுத்தான் நான் மெட்டல் இசைக்குள் வந்தேன். 2011இல் அவர்கள் உறுமல் குரலை விட்டது ரசிகர்களுக்குச் செய்த துரோகம் என்கிறார்கள் என் நண்பர்கள். 2024இல் அந்தக் குரல் திரும்பி வந்ததும், ரசிகர்களின் கோபத்துக்குப் பணிந்துவிட்டார்கள் என்று அதே நண்பர்களே சொல்கிறார்கள். எது சரி? எங்கள் குழுவில் நான்தான் பாடகன். எனக்கும் உறுமலைக் குறைத்து இயல்பான குரலில் பாட ஆசை வந்திருக்கிறது. சொன்னாலே சண்டை வருகிறது. என்ன செய்யலாம்?"

தம்பி, இரண்டு குற்றச்சாட்டுமே நிற்காது என்பது என் கருத்து. ஆனாலும் உங்கள் நண்பர்களின் ஏமாற்றத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைத்தான் அவர்கள் சரியாகப் பிடிக்கவில்லை.

இந்தக் குழுவை அறியாத நேயர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓப்பெத் சுவீடனின் ஸ்டாக்ஹோமில் 1990இல் உருவான மெட்டல் குழு. மெட்டல் என்பது கனமான மின்கிட்டார் ஒலியும் வேகமான டிரம் அடியும் கொண்ட ஒரு ராக் இசை வகை. அதன் பாடகரும் கிட்டார் கலைஞருமான மிகேல் ஓகர்ஃபெல்ட் ஒரே பாடலுக்குள் இரண்டு குரல்களைக் கையாண்டவர். ஒன்று அடித்தொண்டையிலிருந்து எழும் உறுமல், மற்றொன்று நெஞ்சைத் தொடும் மென்மையான பாட்டுக்குரல். 2008இல் வந்த 'வாட்டர்ஷெட்' என்ற பாடல் தொகுப்பு வரை இந்த இரண்டும் அவரிடம் அருகருகே இருந்தன. 2011இல் வந்த 'ஹெரிட்டேஜ்' தொகுப்பில் உறுமல் அறவே இல்லை. அதன் பின் 2014, 2016, 2019 ஆகிய ஆண்டுகளில் வந்த தொகுப்புகளிலும் இல்லை. 2024 நவம்பரில் வெளிவந்த தொகுப்பில்தான், பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு, அது மீண்டும் ஒலித்தது.

இங்கே எல்லோரும் மறந்துவிடும் ஒரு செய்தி உண்டு. உறுமலே இல்லாத ஒரு முழுத் தொகுப்பை இந்தக் குழு 2003இலேயே வெளியிட்டிருக்கிறது. 'டாம்னேஷன்' என்ற அந்தத் தொகுப்பு முழுவதும் மென்குரல்தான். அன்றைக்கு இவ்வளவு கோபம் எழவில்லை. இன்றும் பல ரசிகர்கள் அதை அன்போடு கேட்கிறார்கள். ஏன்? அதனுடன் சேர்த்தே பதிவு செய்யப்பட்ட 'டெலிவரன்ஸ்' என்ற கனமான தொகுப்பு சில மாதங்களுக்கு முன்பு, 2002இன் இறுதியில், வந்துவிட்டது. இரண்டும் ஒரே முயற்சியின் இரு பாதிகள் என்பது ரசிகர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு கையில் உறுமல் இருந்ததால், மறுகையில் வந்த மென்மையை அவர்கள் இழப்பாக எண்ணவில்லை. அப்படியானால் 2011இல் அவர்களைப் புண்படுத்தியது மென்குரல் அல்ல. இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி வரும் அந்த முரண் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அது காணாமல் போனதுதான் வலித்தது.

இன்னொன்றும் உண்டு. 'ஹெரிட்டேஜ்' தொகுப்பில் மாறியது குரல் மட்டுமல்ல. கிட்டாரின் கனம் குறைந்தது, பழைய ஆர்கன் வகை விசைக்கருவிகள் முன்னுக்கு வந்தன, நீண்ட, சிக்கலான பாடல்களைக் கொண்ட 1970களின் ப்ரோக்ரெசிவ் ராக் இசையின் சாயல் முழுமையாகப் படர்ந்தது. இத்தனை மாற்றங்களையும் பிரித்துச் சொல்ல எல்லாக் காதுகளுக்கும் பயிற்சி இருக்காது. குரல் மாற்றம் மட்டும் முதல் நிமிடத்திலேயே யாருக்கும் பிடிபடும். ஆகவே மொத்தப் பழியும் குரலின் மேல் விழுந்தது. உறுமலைக் கொண்டுவந்து அந்தப் பாடல்களின் மேல் ஒட்டியிருந்தால் அவை கெட்டிருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

ஓகர்ஃபெல்டுக்கு அந்த உறுமல் குரல் போய்விட்டது என்று சிலர் எழுதினார்கள். அது தவறு. பின் வந்த ஆண்டுகளில் பழைய பாடல்களை மேடையில் உறுமலோடு அவர் பாடியிருக்கிறார். முடியாமல் போவது வேறு, வேண்டாம் என்று வைப்பது வேறு. முடியாமல் போனதற்கும் அதே ஊரைச் சுற்றியே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. சுவீடனின் காட்டடோனியா குழுவில் பாடகர் யோனாஸ் ரென்க்ஸேயால் உறுமலைத் தொடர முடியாமல் போனபோது, 1996இல் வந்த அவர்களுடைய தொகுப்பில் உறுமல் பகுதிகளைப் பாடிக் கொடுத்தவர் நம் ஓகர்ஃபெல்ட்தான். 1998இல் வந்த அடுத்த தொகுப்பில் ரென்க்ஸே இயல்பான குரலிலேயே பாடினார். அந்தச் சோகம் தோய்ந்த குரல்தான் பிறகு அந்தக் குழுவின் அடையாளமாக நிலைத்தது. கட்டாயத்தால் வந்த மாற்றம் கூட ஒரு குழுவை வளர்க்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

எதிர்பார்ப்பு என்பது மெட்டல் ரசிகர்களுக்கு மட்டும் உரியது அல்ல. நம் செட்டிநாட்டு ஊர்களில் கோயில் திருவிழா இரவுகளில் வள்ளி திருமணம் நாடகம் விடிய விடிய நடக்கும். ஒலிபெருக்கி வராத காலத்தில் ராஜபார்ட் எனப்படும் நாயக வேட நடிகரின் குரல் கடைசி வரிசை வரை போய்ச் சேர வேண்டும். அதனால் உச்சக் கட்டையில் பாடுவது தொழிலின் தேவையாக இருந்தது. 1933இல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பா அந்த வகைக் குரலுக்காகவே கொண்டாடப்பட்டவர். மைக் வந்த பிறகு அந்தத் தேவை குறைந்தது, ஆனால் அந்தக் குரலில் பழகிய காதுகள் அதையேதான் தேடின. தேவை போன பிறகும் பழக்கம் நீடிக்கும். இதற்காக ரசிகரைக் குறை சொல்லக்கூடாது, பாடகரையும் பழைய கட்டையிலேயே கட்டிவைக்கக்கூடாது.

இனி 2024க்கு வருவோம். அந்தத் தொகுப்பு ஒரு கதையைச் சொல்கிறது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய காலம், செல்வமிக்க ஒரு குடும்பத் தலைவர் இறந்துவிடுகிறார், அவருடைய உயில் பிள்ளைகள் முன்னிலையில் வாசிக்கப்படுகிறது, மறைத்துவைத்த உண்மைகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. கடைசிப் பாடலைத் தவிர மற்றவற்றுக்குத் தலைப்புக் கூட இல்லை. உயிலின் பத்திகளைப் போல எண் மட்டுமே இருக்கிறது. பாகப்பிரிவினைக்காக வளவில் கூடி உட்கார்ந்த பங்காளிகளைப் பார்த்து வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதையின் இறுக்கத்தை விளக்கவே வேண்டாம். செத்தவர் ஒருவர் உயிரோடிருப்பவர்களை இன்னும் அதட்டுகிறார் என்றால், அதற்கு உறுமலை விடப் பொருத்தமான குரல் எது? கதைக்கு அது வேண்டியிருந்தது, வந்தது. ரசிகர்களின் கூச்சலுக்குப் பணிவதாக இருந்தால் 2014இலேயே பணிந்திருக்கலாம். பதின்மூன்று ஆண்டுகள் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

உங்கள் சொந்தக் கேள்விக்கு வருகிறேன், தம்பி. குரல் பயிற்சி தருபவன் என்ற முறையில் முதலில் ஒன்று கேட்கிறேன்: உறுமலைக் குறைக்க நினைப்பது ஆசையாலா, வலியாலா? நம் குரல்வளையில் பேசவும் பாடவும் பயன்படும் குரல்நாண்களுக்குச் சற்று மேலே பொய்க்குரல் நாண்கள் என்று இரண்டு மடிப்புகள் உண்டு. முறையாகக் கற்றவர்கள் உறுமும்போது அந்த மேல்மடிப்புகள் பெரும்பாலும் அதிர்கின்றன. மூச்சு வயிற்றிலிருந்து சீராக வருகிறது. எழும் ஒலி கூட நாம் நினைக்கிற அளவுக்குப் பெரிதாக இருக்காது, மைக்தான் அதைப் பெரிதாக்குகிறது. கற்காதவர்கள் தொண்டையை இறுக்கிக் கத்துகிறார்கள், குரல்நாண்கள் உராய்ந்து வீங்குகின்றன. பாடி முடித்த மறுநாள் காலையில் குரல் கம்முகிறதா என்று கவனியுங்கள். கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். சுக்குக் கஷாயத்தோடு நாளைக் கடத்த வேண்டாம்.

வலி இல்லை, ஆசைதான் என்றால், நண்பர்களோடு வாதம் செய்வதை நிறுத்துங்கள். வாதத்தால் யாருடைய காதும் மாறியதில்லை. நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் பாடல்களில் ஒன்றை எடுத்து, முழுக்க உறுமலாக ஒரு முறையும், இயல்பான குரலில் ஒரு முறையும், எந்த வரிக்கு எந்தக் குரல் பொருந்துகிறதோ அப்படிக் கலந்து ஒரு முறையும் கைபேசியிலேயே பதிவு செய்யுங்கள். குழுவாக உட்கார்ந்து கேளுங்கள். மூன்றாவதில் உறுமல் வரும் இடம் முன்பைவிட அதிகமாக அச்சுறுத்தினால், குறைத்ததால் அது வலுத்திருக்கிறது என்பது அவர்களுக்கே தெரியும். வலுக்கவில்லை என்றால், அந்தப் பாடல் உறுமலுக்காகவே எழுதப்பட்டது. அதை அப்படியே விட்டுவிட்டு, உங்கள் புதிய குரலுக்குப் புதிய பாடல் எழுதுங்கள். பழைய பாடலைப் புதிய குரலுக்கு வளைப்பதில்தான் பல குழுக்கள் இடறுகின்றன.

ஒரு நிபந்தனை மட்டும் வைக்கிறேன். கல்லூரி விழா மேடையில் ஏறிய பிறகு திடீரென்று குரலை மாற்றாதீர்கள். கேட்பவர்களுக்கு முன்பே, உங்கள் டிரம் வாசிக்கும் நண்பருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் மென்குரல் வரும் இடத்தில் அடியைக் குறைக்க வேண்டியவர் அவர்தான். பதிவு செய்ததும் அந்த மூன்றையும் எனக்கு அனுப்புங்கள், கேட்டுவிட்டு அடுத்த பகுதியில் விரிவாகப் பேசுகிறேன்.